மூன்றாம் தரக் கண்ணாடி

தம்பிகளே,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். வருகிற அமாவாசையன்று சூரிய கிரகணம், தோல் ஷாப்பில் எல்லாரும் சேர்ந்து பார்க்கப் போகிறோம், கண்ணாடித் துண்டுகளுக்குக் கரி ஏற்ற வேண்டும், விளக்குப் புகையில் எவ்வளவு நேரம் காட்டினால் போதும் என்று கேட்டீர்கள். ஒரு காலத்தில் நான் இப்படி ஒரு ஏற்பாடு செய்தவன் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் உங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உங்களுக்கு வேறு வேலையே இல்லையா" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மருமகள் காப்பித் தம்ளர்களோடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டே ஸ்டேஷன் வரைக்கும் போயிருப்பீர்கள். பேசியதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அது இரண்டாவது தப்பாகிவிடும். முதல் தப்பையே இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதித் தருகிறேன். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் தோல் தரம் பிரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள். இந்த வேலையில் ஒரு வியாதி உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்க முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்துப் பிரித்துக் கை பழகிவிடும். பிறகு கையில் எது கிடைத்தாலும் பிரிப்பீர்கள். சந்தையில் கத்தரிக்காயைப் பிரிப்பீர்கள். கல்யாணப் பந்தியில் அப்பளத்தைப் பிரிப்பீர்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களைப் பிரிப்பீர்கள். பிரித்த பிறகு, இன்னதற்கு இன்ன ஆள் என்று மனசு தானாகவே ஒதுக்கிவிடும். ஒதுக்கியதை மாற்றிக் கொடுக்கக் கை வராது. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எனக்கு அப்போது முப்பது வயசு ஆகவில்லை. ஆம்பூருக்கு இந்தப் பக்கம், பாலாற்றை ஒட்டிய, தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு மேஸ்திரியாக இருந்தேன். அந்த ஷாப்பு இப்போது இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு வகுப்பு படித்திருந்தேன், தோல் வாங்க மெட்ராஸிலிருந்து வருகிற துரைகளோடு நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசுவேன், வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொள்வேன். மேஸ்திரி வேலை எனக்குக் கிடைத்ததற்கு அந்த இங்கிலீஷும் கோட்டும்தான் காரணம். கொட்டகை நடந்ததற்குக் காரணம் வேறு ஒருவர்.

சவரிமுத்து என்று பெயர். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். ஆனாலும் நான் அவரை "சவரி, வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். கோட்டோடு சேர்ந்து வந்த திமிர் அது. இப்போது எழுதும்போது "அவர்" என்று எழுதுகிறேன், இதனால் ஒன்றும் சரியாகிவிடாது என்று எனக்கே தெரியும். பதனிட்ட ஆட்டுத் தோலை வடக்கு வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஊசி முனை அளவு ஓட்டை, ஆட்டை உரித்தவன் கத்தி பட்ட கீறல், உண்ணி கடித்த தழும்பு, எல்லாவற்றையும் நான் ஒரு தோலைப் புரட்டுவதற்குள் மூன்று தோலில் கண்டுபிடித்துவிடுவார். அவர் முதல் தரம் என்று கட்டிவைத்ததில் ஒரு தோலைக்கூட மெட்ராஸ் துரை திருப்பி அனுப்பியதில்லை. அவர் மனைவி ஆரோக்கியம் அப்போது ஏழு மாசம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை.

கிரகணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேஜார் ஆரம்பித்தது. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர்களுக்கு முனியன் என்று ஒரு தலைவர். அவர் வந்து என் முன்னால் நின்றார்.

"மேஸ்திரி, கெரகணத்தன்னிக்கு எங்க ஆளுங்க யாரும் வரமாட்டாங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன், இன்னா ஆச்சு?"

"நட்ட நடுப் பகல்ல புடிக்குதாம். சூரியன பாம்பு முழுங்குற நேரத்துல கத்திய கையில புடிச்சிக்கினு தோல சொரண்டலாமா? வீட்டுல புள்ளத்தாச்சிங்க வேற கீறாங்க."

நான் சிரித்தேன். வானத்தில் பாம்பு ஒன்றும் இல்லை, சந்திரன் குறுக்கே வருகிறது, அவ்வளவுதான் என்று ஒரு பாடமே நடத்தினேன். முனியன் தலையைத் தலையை ஆட்டினார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க மேஸ்திரி, அன்னிக்கு வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி சாயபுவுக்கு விஷயம் போனது. தங்கமான மனுஷர், ஆனால் தோல் விஷயத்தில் பதறிவிடுவார்.

"அரே, தோலுக்குக் கிரகணம் தெரியுமா? குழியில ஒரு நாள் ஜாஸ்தி கெடந்தா எல்லாம் கஞ்சியா போயிடும். அன்னிக்குத்தான் மெட்ராஸ் துரை வேற வர்றார். ஷாப்பு காலியா இருந்தா இன்னா நெனைப்பார்? நீ படிச்சவன். ஏதாவது பண்ணு."

நீ படிச்சவன் என்ற அந்த வார்த்தை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு நாள் யோசித்தேன். பயத்தைப் பயமுறுத்திப் போக்க முடியாது, ஆசை காட்டித்தான் போக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு தத்துவம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கிரகணம் காட்டப்படும், துரை பார்க்கிற மாதிரியே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், பயந்தவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். "பயந்தவர்கள்" என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். வாலிபப் பிள்ளைகளுக்கு அது உறைத்தது. மறுநாளே முனியன் ஆட்களில் பாதிப் பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கண்ணாடிக்குச் சாயபு வீட்டுப் பழைய அலமாரிக் கதவு கிடைத்தது. உடைத்ததில் உள்ளங்கை அளவில் பதினெட்டுத் துண்டு தேறியது. சிம்னி எடுத்த மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, திரியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு துண்டாகப் புகையில் காட்டினேன். கரி ஏற்றுவது பார்க்கச் சுலபம், ஒரே சீராக ஏற்றுவது சுலபமில்லை. சில துண்டுகள் நன்றாகக் கறுத்தன. சிலதில் நடுவில் கறுப்பும் ஓரத்தில் பழுப்புமாகப் படிந்தது. சிலதில் என் விரல் பட்டுக் கோடு கோடாக உதிர்ந்தது. கடைசியில் செய்தவற்றை அவசரத்தில் பாதியிலேயே எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். சரியாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்த்தேன் தெரியுமா? அதே விளக்குச் சுடரை வைத்து. சுடர் மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். விளக்கு எங்கே, சூரியன் எங்கே? அதோடு நிறுத்தினேனா என்றால் இல்லை. கை சும்மா இருக்குமா? பிரிக்க ஆரம்பித்தேன். நன்றாகக் கறுத்தது நாலு, முதல் தரம். சாயபு, துரை, கணக்குப்பிள்ளை, நான். ஓரம் பழுப்பானது ஆறு, இரண்டாம் தரம். ஷாப்பில் மற்ற மேஸ்திரிகளுக்கு. மிச்சம் எட்டு மூன்றாம் தரம், ஆட்கள் கைமாற்றிப் பார்த்துக்கொள்ள.

தோலில் அப்படித்தான் செய்வோம். ஓட்டைத் தோலுக்கும் ஒரு விலை உண்டு, ஒரு பை தைப்பதற்காவது போகும். எதையும் தூக்கி எறியக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பெருமை. அந்த எட்டுத் துண்டையும் அன்றே குப்பையில் போட்டிருக்க வேண்டும். தூக்கி எறிவது ஒரு தரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிரகண நாள் வந்தது. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மெட்ராஸ் துரை காலை ரயிலில் வந்து இறங்கினார். சாயபு அவரை வரவேற்று உட்காரவைத்துவிட்டு, கிரகணத் தொழுகை இருக்கிறது என்று மசூதிக்குப் புறப்பட்டார். அவருக்கென்று வைத்த கண்ணாடியைக் காட்டினேன். "எனக்கு எதுக்கு? நான் அல்லாவைப் பார்க்கப் போறேன். நீங்க எல்லாரும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கரி கலையாமல் இருக்கட்டும் என்று அதைத் துணியில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

உச்சிவேளை தாண்டியதும் சூரியனின் ஓரத்தில் கடி விழுந்தது. நான் என் கண்ணாடியில் பார்த்தேன், துரை அவர் கண்ணாடியில் பார்த்தார், கணக்குப்பிள்ளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். முற்றத்தில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். வந்தார்களே ஒழிய ஒருவரும் கண்ணாடியைத் தொடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்தது. வெயில் இருந்தது, சூடு இல்லை. புளியமரத்துக் காக்கைகள் கத்திக்கொண்டே கூட்டுக்குத் திரும்பின. இரண்டு பேர் நழுவி வாசல் பக்கம் போவதைக் கண்டேன். துரை என்னைப் பார்த்து, உன் ஆட்கள் பயப்படுகிறார்கள் போலிருக்கிறதே என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்போது உலர்த்தும் கொட்டகையிலிருந்து சவரிமுத்து கூப்பிட்டார்.

"மேஸ்திரி, ஓடியாங்க! இங்க வந்து பாருங்க! தரை பூரா பெறை பெறையா விழுது!"

போய்ப் பார்த்தேன். நல்ல தோல்மேல் வெயில் விழாமல் இருக்க, கொட்டகையின் தெற்குப் பக்கம் கழிவுத் தோல்களைத் திரை மாதிரி கட்டித் தொங்கவிடுவோம். ஓட்டை விழுந்து ஒன்றுக்கும் உதவாத தோல்கள். மற்ற நாளில் அந்த ஓட்டைகள் வழியே வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழும். அன்றைக்கு ஒவ்வொரு வட்டமும் பிறையாகியிருந்தது. மொச்சைக் கொட்டை அளவில் நூற்றுக்கணக்கான பிறைகள். சவரிமுத்து சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, அவற்றின் மேல் உள்ளங்கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலும் பிறை விழுந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை.

"எல்லாரையும் இங்க கூப்புடுங்க மேஸ்திரி. மேல பாக்க வேணாம். கீழயே நல்லா தெரியுது. எந்தப் பயமும் இல்ல."

தம்பிகளே, அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கு அந்த ஷாப்பில் கிரகணத்தைப் பார்க்கச் சரியான வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். கூட்டம் மொத்தத்தையும் அங்கே கூப்பிட்டிருந்தால் எல்லாரும் சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? பின்னாலேயே துரை வந்து நிற்பதைப் பார்த்தேன். கழிவுத் தோலில் கிரகணம் பார்க்கிறான் என்று அவருக்கு இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னேன், கேலியாக. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஷாப்பிலேயே நல்ல கண் உள்ள ஆள் நிமிர்ந்து பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று துரை நினைத்துவிடுவாரே என்றுதான் எனக்குக் கவலை.

"இன்னா சவரி, பயமா?"

"பயம் இல்ல மேஸ்திரி. இதுவே நல்லா கீதே."

"எழுந்து வா. நீ பார்த்தால்தான் மற்றவனுக்கெல்லாம் தைரியம் வரும்."

எழுந்து வந்தார். மேஸ்திரி கூப்பிட்டால் வருவதுதானே வழக்கம். மூன்றாம் தரக் கண்ணாடிகள் ஒரு முறத்தில் இருந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். தரம் பிரிக்கிறவர் அல்லவா, எடுத்த எடுப்பில் குறை தெரிந்துவிட்டது.

"இதுல கரி கம்மியா கீது மேஸ்திரி."

"அதெல்லாம் போதும். பார்."

கூட்டத்துக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராக வைத்து அண்ணாந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: என்ன தெரிகிறது, சத்தமாகச் சொல், எல்லாருக்கும் கேட்கட்டும். அவர் சொல்ல ஆரம்பித்தார். கூரான நுனி இரண்டும் எந்தப் பக்கம் நிற்கிறது, மேல் விளிம்பு எப்படி இருக்கிறது, உள் விளிம்பில் சின்னப் பிசிறு மாதிரி ஏதோ தெரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தோலைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். குறையைக் கண்டுபிடிக்கும் வரை கண்ணை எடுக்காத மனுஷர். ஆட்கள் கிட்டக் கிட்ட வந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நடுவில் ஒரு தரம், "கண்ணு கூசுது மேஸ்திரி" என்றார்.

"கூசத்தான் செய்யும். சூரியன்னா சும்மாவா? இன்னும் கொஞ்சம் பார்."

இன்னும் கொஞ்சம் பார்த்தார். நான் சொன்னதற்காகப் பார்த்தார்.

அதன் பிறகு ஏழெட்டுப் பேர் கண்ணாடியை வாங்கி ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இரண்டு நாள் கண்ணில் நீர் வடிந்தது, சரியாகிவிட்டது. கிரகணம் விட்டது. ஆட்கள் ஆற்றில் முழுகிவிட்டு வந்து வேலையில் இறங்கினார்கள். குழித் தோல் தப்பியது. சாயபு என் முதுகில் தட்டினார். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் துரைக்கு அனுப்ப வேண்டிய முதல் தரத் தோல் கட்டை வழக்கம்போல மேலாகப் புரட்டினேன். மூன்றாவது தோலின் நடுவில் மிளகு அளவு ஓட்டை இருந்தது. அடுத்ததில் கத்திக் காயம். யார் வைத்தது என்று திரும்பினேன். சவரிமுத்து வடக்கு வாசலில் ஒரு தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து, காக்கை பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டுவதை விட்டுவிட்டுக் கிட்டப் போனேன்.

"இன்னா சவரி?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பாக்குற எடம் மட்டும் தெரியல மேஸ்திரி. சுத்திலும் தெரியுது. எதப் பாக்கணும்னு நெனைக்கிறனோ அந்த எடத்துல பழுப்பா ஒண்ணு வந்து ஒக்காந்துக்குது. உங்க மொகத்த பாத்தா மொகம் இல்ல. காது தெரியுது, கோட்டு தெரியுது."

"வலிக்கிறதா?"

"வலியே இல்ல. அதான் ராத்திரி சரியாயிடும்னு இருந்துட்டேன். சாயபு கிட்ட சொல்லிடாதீங்க. நாலு நாள்ல வந்துடும்."

நாலு நாள் பார்த்தோம். அவர் பக்கத்தில் நானே உட்கார்ந்து, அவர் புரட்டிய தோலைத் திரும்பவும் புரட்டினேன். ஐந்தாம் நாள் வேலூரில் கண் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கொளுத்துகிற மாதிரி, சூரியன் கண்ணின் உள் திரையைச் சுட்டுவிட்டது என்றார். அந்த இடத்தில் வலி தெரியாது, சுடும்போது கண்ணுக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது, சுட்டது ஆறாது என்றார். அவர் சொன்னது இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது.

பிறகு சவரிமுத்துவிடம் கேட்டார்: "எதை வச்சுப் பார்த்தே?"

சவரிமுத்து என் பக்கம் திரும்பினார். நேராக இல்லை, அந்தக் காக்கைப் பார்வையில். அவருக்கு என் முகம் தெரிந்ததோ காது தெரிந்ததோ. திரும்பவும் டாக்டர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"சும்மா வெறுங்கண்ணால பாத்துட்டேங்க ஐயா."

டாக்டர் திட்டினார். படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை, உன் மேஸ்திரி மாதிரி படித்தவர்களைக் கேட்டிருக்கக் கூடாதா என்றார். நான் தலையை ஆட்டினேன். டாக்டர் சொல்வது சரிதான் என்கிற மாதிரி ஆட்டினேன்.

அதோடு விட்டேனா? சாயபு கேட்டபோது அதே பொய்யை நானே சொன்னேன். வெறுங்கண்ணால் பார்த்துவிட்டான் சாயபு, நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்றேன். "நான் எவ்வளவோ சொன்னேன்" என்பது சவரிமுத்து சொல்லாத பொய், நானாகச் சேர்த்தது. சாயபு "பாவம், பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு அவரை வேலையை விட்டு அனுப்பாமல் தோல் பதனிடப் போடுகிற ஆவாரம்பட்டையை இடிக்கிற இடத்துக்கு மாற்றினார். அங்கே கண் அவ்வளவு தேவையில்லை. ஊரே மதித்த கை, அதற்குப் பிறகு உலக்கை பிடித்தது.

முற்றத்தில் கண்ணாடியோடு அவரைப் பார்த்தவர்கள் இருந்தார்களே, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் கண்ணாடியைப் பற்றிப் பேசவே இல்லை. புள்ளத்தாச்சி வீட்டுக்காரன் கிரகணத்தைப் பார்க்கலாமா, தோஷம் சும்மா விடுமா என்றுதான் பேசினார்கள். முனியன் என்னிடமே வந்து சொன்னார்: "நான் அப்பவே சொன்னனே மேஸ்திரி." அவர் சொன்ன காரணம் தப்பு. நான் சொன்ன காரணம் சரி. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்தவர்களுக்குக் கண் இருந்தது. தோஷம் இல்லை, கண்ணாடியில் கரி கம்மி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தோஷம் என்ற பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிரகணத்துக்கும் அந்த வட்டாரத்தில் ஒருவர்கூட வேலைக்கு வரவில்லை. கேட்டால் சவரிமுத்துவைக் காட்டினார்கள். பயத்தைப் போக்கப் போன படித்தவன் சாதித்தது இதுதான்.

பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். ஆரோக்கியம் குழந்தையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"ஐயா, அவரு கொளந்தைய நேரா பாக்கவே மாட்டேங்குறாரு. எப்பப் பாத்தாலும் அந்தாண்ட எங்கியோ பாத்துக்கினு இருக்காரு. பொட்டப் புள்ளன்னு கோவமா? நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அவர் வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நேராகப் பார்த்தால் குழந்தை முகம் மறைந்துவிடும், அதனால்தான் வேறெங்கோ பார்த்து ஓரக்கண்ணால் அதைப் பிடிக்கிறார் என்று நான் சொன்னேன். ஆரோக்கியம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரால் அப்படி ஆனது என்பதை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து இன்னொரு கிரகணம், சின்னது. ஆட்கள் வரவில்லை. காலி ஷாப்பில் சும்மா நடந்து போனேன். உலர்த்தும் கொட்டகையில் கழிவுத் தோல் திரைக்குப் பக்கத்தில் சவரிமுத்து குந்தி உட்கார்ந்திருந்தார். தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேறு யாரும் இல்லை. சொல்ல வேண்டும் என்றால் அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அவரே பேசினார்.

"இப்பவும் நல்லா விழுது மேஸ்திரி. கொஞ்சம் கோணலா பாத்தா தெரியுது."

"சவரி, அன்னிக்கு அந்தக் கண்ணாடி..." என்று ஆரம்பித்தேன்.

"வுடுங்க மேஸ்திரி. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வேணும்னா செஞ்சீங்க? கையில இருந்தத குடுத்தீங்க."

நானும் குனிந்து தரையில் விழுந்த பிறைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. கையில் இருந்ததைக் கொடுத்தேன் என்று நம்பிக்கொண்டே போனார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். விளக்குப் புகையில் எவ்வளவு நேரம் காட்ட வேண்டும்? காட்டவே வேண்டாம். சேர்த்து வைத்திருக்கிற கண்ணாடிகளை உடைத்துப் போடுங்கள். கரி போதுமா போதாதா என்று கண்ணால் தரம் பிரிக்க முடியாது. கண்ணே சுடப்படும் இடத்தில் கண்ணை நம்பி எப்படிப் பிரிப்பது? பட்டைத் தண்ணீர்க் குழியில் குனிந்து அதில் தெரிகிற சூரியனைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். கூசவில்லை, வலிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கொட்டகையின் வெயில் பக்கம், இருப்பதிலேயே மோசமான ஓட்டைத் தோல்களைக் கட்டித் தொங்கவிடுங்கள். எல்லாரையும் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். யாரும் திரும்பி ஓட்டை வழியே பார்க்காமல் நீங்கள் ஒருவர் நின்று கவனியுங்கள். தரையில் விழுவதைப் பாருங்கள். வர மறுக்கிறவர்களைப் பயந்தவர்கள் என்று சொல்லாதீர்கள். இந்த வழியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் சவரிமுத்து என்று சொல்லுங்கள், அவருக்குக் கண் எப்படிப் போனது என்றும் சொல்லுங்கள், என் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள். அவர் மகள் இப்போது வாலாஜாபேட்டையில் குடித்தனம் செய்கிறாள். அவள் காதுக்கும் அது போகட்டும்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

முறத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டியபோது, "இதுல கரி கம்மியா கீது" என்று அவர் சொன்னபோது, துணியில் சுற்றிய முதல் தரக் கண்ணாடி ஒன்று என் கோட்டுப் பையில் இருந்தது. சாயபு வேண்டாம் என்று விட்டுப் போனது. அன்றைக்கு முழுக்க அதை யாரும் பயன்படுத்தவில்லை. அது பையில் இருப்பது எனக்கு மறக்கவில்லை. கை ஒரு தரம் பை வரைக்கும் போனது. அது சாயபுவுக்கென்று பிரித்தது, ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று கை தானாகவே திரும்பி வந்துவிட்டது.

எனக்கு இந்த வயசிலும் கண் நன்றாகத் தெரிகிறது. மிளகு அளவு ஓட்டையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பார்த்துச் சொல்வேன். பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.